பெயர் கேட்காத பெருந்தன்மை

அண்ணாகிராமம் ஒன்றியத்தில் பிறந்து, சிதம்பரத்தில் படித்து, சென்னை ஓ.எம்.ஆர். கண்ணாடிக் கட்டடங்களுக்குள் நுழைந்திருக்கும் பிள்ளைகளே, உங்கள் அதிர்ஷ்டத்தை என்னென்பது! பண்ருட்டிப் பக்கம் முந்திரிக்கொட்டை உடைக்கும் பெண்களுக்கு ஓட்டுச் சாறு பட்டு விரல் தோலே உரிந்தாலும், "உங்கள் பணி அனுபவம் எப்படி இருக்கிறது?" என்று எந்த முதலாளியாவது கேட்டதுண்டா? உங்களுக்கோ சேர்ந்த மூன்றாம் மாதமே எச்.ஆரிடமிருந்து சர்வே வந்துவிடுகிறது. 'உங்கள் குரல் எங்களுக்கு முக்கியம்' என்று தலைப்பிலேயே போட்டிருக்கிறார்கள். வீட்டில்கூட உங்களிடம் யாரும் அப்படிச் சொன்னதில்லை.

பயம் வேண்டாம், பெயர் கேட்கமாட்டார்கள். ரகசியம் காப்பதில் அவர்களை மிஞ்ச ஆளில்லை. பிரிவு, குழு, வயது, சேர்ந்த மாதம், படித்த கல்லூரி, அவ்வளவுதான். அந்தக் குழுவில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படித்த 22 வயதுக்காரர் நீங்கள் ஒருவர்தான் என்றால் அது உங்கள் தலைவிதி. அதற்குக் கம்பெனி என்ன செய்யும்? யார் நிரப்பினார்கள் என்றே தெரியாத அந்தப் படிவத்தை நீங்கள் மட்டும் இன்னும் நிரப்பவில்லை என்று, உங்கள் பெயரைச் சொல்லியே நினைவூட்டல் வரும். மறதிக்காரப் பிள்ளைகள்மேல் எவ்வளவு கரிசனம் பாருங்கள்.

கேள்விகளின் அழகு தனி. 1932-இல் ரென்சிஸ் லிக்கர்ட் என்ற அமெரிக்கர் காட்டிய வழியில், 'முழுமையாக ஏற்கிறேன்' தொடங்கி 'அறவே ஏற்கவில்லை' வரை ஐந்து கட்டங்கள். மனக்குறையை எழுதித் தொலைக்க வேண்டியதில்லை, தொட்டால் போதும். எதையும் தொட மனம் வராதவர்களுக்காக நடுவில் ஒரு கட்டம் வைத்தாரே, அவர் மகான். கேலப் நிறுவனத்தின் பேர்போன 12 கேள்விகளில் ஒன்று, வேலையிடத்தில் உங்களுக்கு உற்ற நண்பர் உண்டா என்று விசாரிக்கிறது. சம்பளம் பி.ஜி. வாடகைக்குப் போதுகிறதா என்ற அற்ப விஷயத்துக்கு அந்தப் பன்னிரண்டில் இடமில்லை.

கேட்பார்கள், ஒன்றும் செய்யமாட்டார்கள் என்பது வீண்பழி. சேருவதற்கு முன்பே கருத்துக் கேட்ட நிறுவனம் உண்டு. ஆண்டுக்கு 6.5 லட்சம் என்று தேர்வாகிக் காத்திருந்த பட்டதாரிகளிடம், 3.5 லட்சத்துக்கு வரச் சம்மதமா என்று 2023 பிப்ரவரியில் விப்ரோ மின்னஞ்சலில் கேட்டது. இந்த மரியாதை வேறெங்கே கிடைக்கும்?

அதையும் விஞ்சியது நொய்டாவின் யெஸ்மேடம் என்ற நிறுவனம். 2024 டிசம்பரில் அதன் கடிதம் ஒன்று நாடெங்கும் சுற்றியது. மன அழுத்தம் பற்றிக் கருத்துக் கேட்டோம், மிகுந்த அழுத்தம் என்று சொன்னவர்களைப் பிரிய முடிவெடுத்தோம் என்பது அதன் சாரம். நோய்க்கு இதைவிட விரைவான மருந்து உண்டா? யாரையும் நீக்கவில்லை, விழிப்புணர்வுக்காகச் செய்ததுதான் என்று பிறகு அந்த நிறுவனமே விளக்கியது. நோக்கம் பழுதில்லாமல் நிறைவேறியது. அதைப் படித்த நம் பிள்ளைகள் எந்தப் படிவத்திலும் அழுத்தமே அறியாதவர்களாகிவிட்டார்கள்.

ஆகவே தயங்காமல் நிரப்புங்கள். 100 சதவீதம் நிரப்பிய குழுவின் மேனேஜருக்குப் பாராட்டு, உங்களுக்கு பீட்சா. வெள்ளிக்கிழமை மாலையோடு கெடு முடிகிறது. அன்று இரவு 10 மணிக்கு கிளையன்ட் கால் இருப்பதால், வேலைக்கும் வாழ்க்கைக்கும் சமநிலை இருக்கிறதா என்ற கேள்வியை மட்டுமாவது அதற்கு முன்பே முடித்துவிடுங்கள்.