ஹிட்லர் எந்த பஸ்ஸில் வருகிறார்?

பதினெட்டுக் கொண்டை ஊசி வளைவு ஏறி வரவேண்டிய திண்டுக்கல் பஸ் அரை மணி நேரம் தாமதம். சிறுமலை டீக்கடைப் பெஞ்சில் பக்கத்தில் இருந்தவர் தீர்ப்பே எழுதிவிட்டார்: "ஒரு ஹிட்லர் வந்தாத்தாண்ணே இந்த நாடு உருப்படும்."

அரை மணி நேரத்துக்கு ஒரு ஹிட்லர். ஒரு மணி நேரமென்றால் முசோலினியையும் சேர்த்துக் கேட்டிருப்பார்.

ரயிலை நேரத்துக்கு ஓடவிட்ட மகான் என்று முசோலினிக்கு இன்னும் பெயர். 1922 அக்டோபரில் அவருடைய கருஞ்சட்டைக்காரர்கள் (நம்மூர்க் கருஞ்சட்டை அல்ல) மழையில் நனைந்தபடி ரோமுக்கு நடந்தார்கள். தலைவர் மிலானில் ரயிலேறிப் படுத்துக்கொண்டே வந்து பிரதமரானார். 1924 தேர்தல் அடாவடியை நாடாளுமன்றத்தில் கேட்ட எதிர்க்கட்சி எம்.பி. மத்தியோட்டியை ஜூன் 10 அன்று நடுத்தெருவில் காரில் தூக்கிப்போட்டுக் கொன்றார்கள். உடல் கிடைத்தது ஆகஸ்ட்டில். அது மட்டும் லேட்.

பெஞ்சுக்காரர் கேட்டவரோ இன்னும் சுறுசுறுப்பு. 1933 ஜனவரி 30 நாற்காலி. மார்ச் 23இல் நாடாளுமன்றமே 444 ஓட்டுப் போட்டுத் தன் அதிகாரத்தை அவருக்கு எழுதிக்கொடுத்தது. முடியாது என்றவர்கள் 94 பேர். ஜூலை 14இல் வேறு கட்சி தொடங்கினாலே குற்றம். சிறுமலை வாழை குலைதள்ள இதைவிட நாளாகும்.

"அதெல்லாம் வெளிநாடுண்ணே."

உள்நாட்டுச் சரக்கும் உண்டே! 1975 ஜூன் 25 ராத்திரி எமர்ஜென்சி வந்தது. அப்போதும் ரயில் நேரத்துக்கு ஓடிற்றாம். பத்திரிகை வாய்க்குப் போட்ட பூட்டு திண்டுக்கல்லில் செய்ததல்ல. நம்ம பூட்டென்றால் வாங்கினவன் கையில் சாவி இருக்கும். 1976 ஜனவரி 31இல் தமிழக ஆட்சி கலைந்தது. மிசா சட்டத்தில் சென்னைச் சிறைக்குப் போன முன்னாள் மேயர் சிட்டிபாபு அடிபட்டு, 1977 ஜனவரியில் பிணமானார். 1976-77இல் மட்டும் நாடு முழுக்க 80 லட்சத்துக்கு மேல் குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷன். கலெக்டர் ஆபீஸ் முதல் பள்ளிக்கூடம் வரை தலைக்கு இத்தனை என்று டார்கெட்.

"தப்பு செஞ்சவன்தாண்ணே பயப்படணும்" என்றார். பட்டா மாற்ற எந்த மேஜைக்கடியில் எவ்வளவு தள்ளினார் என்பதைச் சற்றுமுன்தான் பெருமையாகச் சொல்லியிருந்தார்.

பஸ் வந்தது. இறங்குகிறவர்கள் இறங்குமுன்பே ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடித்துவிட்டார். கைக்குழந்தைக்காரி ஒருத்தி கம்பியைப் பிடித்து நின்றாள். எனக்கும் சேர்த்துத்தான் துண்டு போட்டிருந்தார். உட்கார்ந்தேன்.