கொழுந்துக்கு ஏலம், காலுக்குத் தூள்

கேள்வி: அட்டைக் கடியும் குதிகால் வெடிப்பும் சேர்ந்தே வந்துவிட்டன. காசு செலவில்லாத கைவைத்தியம் உண்டா?
- வாசகி ஒருவர், பொகவந்தலாவை

பதில்: தோட்ட வேலைக்காக மன்னாரிலிருந்து மாத்தளைக்குக் காட்டுவழியே நடந்து வந்தவர்களின் பேத்தி நீங்கள். காலைக் கவனிக்க இத்தனை தலைமுறை பிந்தியதுதான் ஆச்சரியம்!

முதலில் அட்டை. கடித்துக்கொண்டிருக்கும்போது அதன்மேல் உப்பைக் கொட்டினால், குடித்ததைக் காயத்திலேயே கக்கிவிட்டுப் போகும். விருந்தாளிக்கு அழகில்லை. நகத்தால் வாய்ப்பக்கம் நெம்பித் தள்ளுங்கள். பிறகும் இரத்தம் வழிந்தால் பதற வேண்டாம். அதன் எச்சில் இரத்தத்தைச் சட்டென உறையவிடாது. சவர்க்காரம் போட்டுக் கழுவி, துணியால் அழுத்திப் பிடியுங்கள். உப்பு, சவர்க்காரம் பூசுவதெல்லாம் மலை ஏறும் முன்பு.

வெடிப்புக்கு, இரவில் இளஞ்சூட்டு நீரில் பத்து நிமிடம் காலை வையுங்கள். கல்லால் மெதுவாகத் தேய்த்து, விரலிடுக்குவரை ஈரம் துடைத்து, குதிகாலில் தேங்காயெண்ணெய் பூசி, பழைய சொக்ஸ் மாட்டித் தூங்குங்கள். தேசிக்காய் வேண்டாம். வெடிப்பில் பட்டால் லயமே எழும்பிவிடும். விரலிடுக்கு வெள்ளையாய் ஊறி அரித்தால் அது பூஞ்சை; தோட்டத்து டிஸ்பென்சரிக்குப் போங்கள். சீனி வருத்தக்காரர்களுக்கு ஊறவைப்பதும் கல்லும் ஆகாது, அவர்களுக்கு நேரே டொக்டர்தான்.

வியர்வை நாற்றமும் இருந்தால், ஆறிய கடும் தேயிலைச் சாயத்தில் காலை வையுங்கள். அதிலுள்ள துவர்ப்பு வியர்வையைக் கொஞ்சம் கட்டுப்படுத்தும். நல்ல தேயிலையெல்லாம் 1883இல் தொடங்கிய கொழும்பு ஏலத்துக்குத்தான் போகிறது. மிஞ்சும் தூளில் முதல் கோப்பை உங்களுக்கு, இரண்டாவது காலுக்கு!