உவரிக் காற்றும் ஊமைப் பாட்டும்

திசையன்விளையில் கிளம்பும்போது காரில் பாட்டு ஜோர். உவரிக்குள் நுழைந்து வேகத்தடை ஏறியதும் கப்சிப். அடுத்த குழியில் தானாக வரும். "செட்டையே மாத்திருவோம் அண்ணாச்சி" என்றார் கார் செட் கடைக்காரர். விலையைக் கேட்டதும் எனக்கும் சத்தம் நின்றது.

கரையில் வள்ளத்து எஞ்சின் பார்க்கும் தம்பி, கதவைத் திறந்து திறந்து மூடினான். பாட்டு வந்தது, போனது. கீல் பக்கத்து ரப்பர் குழாயை உருவினான். உள்ளே ஸ்பீக்கருக்குப் போகும் செம்புக் கம்பி உப்புக்காற்றில் பச்சை பூத்து, தோலுரிந்து கிடந்தது. அது தகரத்தை உரசினால் செட் தன் உயிருக்குப் பயந்து எல்லா ஸ்பீக்கரையும் ஊமையாக்கிவிடுமாம். (விவரமான செட்!) சுரண்டி, முறுக்கி, டேப் சுற்றினான். கூலி ஒரு டீ, ரெண்டு வடை.

இப்போது பாட்டு நிற்பதே இல்லை. பின்சீட்டிலிருந்து மாமியார்தான், "அந்தக் கம்பிய மறுபடி உரிச்சு விடுங்க மாப்ள" என்கிறார்.