ட்ரோனைத் திருப்பத் தெரிந்தவர்கள்

அம்பத்தூருக்கு 1964இல் தொழிற்பேட்டை வந்தது. 1965இல் ஆவடி தொழிற்சாலையிலிருந்து முதல் விஜயந்தா டாங்கி உருண்டு வெளியே வந்தது. லேத்துக்கும் வெல்டிங்குக்கும் பேர் போன இந்த வட்டாரத்தில் இப்போது புதிதாக ஒரு தொழில் செழித்திருக்கிறது. ஆவடி, திருநின்றவூர், பூந்தமல்லி, திருமழிசை என்று எந்த ஊர்ப் பெயரை இன்ஸ்டாகிராமில் தேடினாலும் போதும். நாலு வீடியோ தள்ளுவதற்குள் "ஹாய் மக்களே" என்று கையை விரித்துக்கொண்டு ஒரு தம்பி வந்து நிற்பார், நமக்கு மனை வாங்கிக் கொடுக்க. சமூக ஊடகத்தில் யாரைப் பின்தொடரலாம் என்று கேட்பவர்கள் பெருகிவிட்ட காலம் இது. இந்தத் தம்பிகளின் திறமையை முறையாக எடுத்துச் சொல்ல இன்னும் ஆள் வரவில்லை.

முதலில் அவர்களுடைய கால ஞானம். தையில் கேமராவை எடுத்தால் ஆனி வரைக்கும் கீழே வைப்பதில்லை. பங்குனி வெயிலில் தலையில் துணிகூட இல்லாமல் நின்று பேசுகிறார்கள். ஐப்பசி, கார்த்திகையில் மட்டும் மனைப்பக்கம் போவதில்லை. பஞ்சாங்கம் பார்த்து விதைக்கிற விவசாயிக்குக்கூடப் பருவம் இவ்வளவு துல்லியமாகத் தெரியுமா என்பது சந்தேகம்.

அடுத்தது ஒளிப்பதிவு. ஒரு வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தால்தான் அதன் அருமை புரியும். வாசலில் ஆர்ச், அதன்மேல் கலர் கலராகக் கொடிகள். உள்ளே முப்பதடிச் சாலை, போட்டு ஒரு வாரம்கூட ஆகாத தார். இரண்டு பக்கமும் மஞ்சள் பூசிய எல்லைக் கற்கள். தம்பி நடந்துகொண்டே பேசுகிறார். அவருடைய இடது தோளுக்குப் பின்னால், கடைசி வரிசைக் கற்களைத் தாண்டி, இடுப்பளவுக்குக் கோரை நிற்கிறது. தண்ணீர் நின்று வடியும் இடத்தில்தான் கோரை அப்படி வளரும் என்பது இந்தப் பக்கத்துப் பெரியவர்கள் எல்லாருக்கும் தெரியும். ட்ரோன் மேலே எழும்புகிறது. மனைகள் கட்டம் கட்டமாகத் தெரிகின்றன, தென்னந்தோப்பு தெரிகிறது, தூரத்தில் ரயில் பாதை தெரிகிறது. இன்னும் கொஞ்சம் எழும்பினால் ஏரிக்கரையும் கலங்கலும் தெரிந்துவிடும். சரியாக அந்த இடத்தில் ட்ரோன் திரும்பிக்கொள்கிறது. எந்த உயரத்தில் நிறுத்த வேண்டும், எந்தத் திசையைக் காட்டக்கூடாது என்பது கைவந்த ஒருவர்தான் அதை இயக்கியிருக்க வேண்டும். பெரிய சினிமா ஒளிப்பதிவாளருக்கும் இவ்வளவு கட்டுப்பாடு எளிதில் வராது.

தூரத்தை அளப்பதிலும் அவர்கள் தேர்ந்தவர்கள். பட்டாபிராம் டைடல் பார்க் 330 கோடி ரூபாய் செலவில் 21 மாடியாகக் கட்டப்பட்டு 2024 நவம்பரில் திறக்கப்பட்டது. அன்று முதல் இந்த வட்டாரத்து மனை எதுவாக இருந்தாலும் டைடல் பார்க்கிலிருந்து பத்தே நிமிடம். பூந்தமல்லி மெட்ரோவும் பத்து நிமிடம், வெளிவட்டச் சாலையும் பத்து நிமிடம். மாலை ஆறரை மணிக்கு சென்னை–திருவள்ளூர் சி.டி.எச். சாலையில் அந்தப் பத்து நிமிடத்தை ஓட்டிக் காட்டச் சொல்லி யாரும் அவர்களைக் கேட்பதில்லை. அவர்களும் வாயால் சொல்வதோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

எல்லாவற்றையும்விட அடக்கம்தான் அவர்களிடம் எனக்குப் பெரிதாகப் படுகிறது. காசு வாங்கிக்கொண்டு ஒரு பொருளைப் புகழ்ந்தால் அது விளம்பரம் என்று பார்ப்பவருக்குத் தெளிவாகத் தெரியும்படி சொல்ல வேண்டும் என்று 2023 ஜனவரியில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை வழிகாட்டுதல் வெளியிட்டது. தவறாக வழிநடத்தும் விளம்பரத்தில் முகம் காட்டுபவருக்கு 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முதல் தவறுக்கே பத்து லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. தம்பிகள் இதை மதிக்கிறார்கள். முப்பது ஹேஷ்டேக் போட்டு, அதில் இருபத்தெட்டாவதாக, 'மேலும்' என்பதை அழுத்தினால் மட்டும் தெரியும் இடத்தில், தாங்கள் வாங்கிய காசைப் பற்றி ஒரு சொல் எழுதிவைக்கிறார்கள். வலது கை கொடுப்பது இடது கைக்குத் தெரியக்கூடாது என்பார்கள். வாங்குவதைக்கூட அப்படி வாங்க முடியும் என்று இவர்கள் காட்டிவிட்டார்கள். 2016ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டம் (ரெரா), பதிவு தேவைப்படும் மனைத்திட்டத்தின் விளம்பரத்தில் ரெரா பதிவு எண்ணும் ஆணையத்தின் இணைய முகவரியும் இருக்க வேண்டும் என்கிறது. அந்த எண் வீடியோவில் வருகிறது. கண்ணை ஒருமுறை மூடித் திறந்தால் போய்விடுகிறது.

யார் பார்க்கிறார்கள் என்பதையும் அவர்கள் அறிந்து வைத்திருக்கிறார்கள். தொழிற்பேட்டையில் இருபத்தைந்து வருடம் ஷிஃப்ட் பார்த்து பி.எஃப். பணத்தைக் கையில் வாங்கியவர் பார்க்கிறார். மகளுக்குச் சேர்த்த நகையை வங்கியில் வைத்து முன்பணம் புரட்டலாமா என்று யோசிக்கும் அம்மா பார்க்கிறார். வாடகை வீட்டில் மூன்றாவது முறை சாமான் தூக்கியவர் பார்க்கிறார். இவர்களுடைய ஆசையைத் தம்பி அளவு புரிந்துகொண்டவர் அந்தக் குடும்பத்திலேயே இருக்க மாட்டார். "அண்ணா, இன்னைக்கு விட்டா இந்த ரேட்டுக்குக் கிடைக்காது" என்று அவர் சொல்லும்போது குரல் தழுதழுக்கிறது.

2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயல் மழை கொட்டியபோது ஆவடி, அம்பத்தூர் தெருக்களில் தண்ணீர் புகுந்தது. மனைப் பக்கங்கள் அந்த நாட்களில் காத்த மௌனத்தையும் பாராட்டத்தான் வேண்டும். தான் விற்ற மனையில் முழங்கால் தண்ணீர் நிற்கும்போது வீடியோ போட்டு, வாங்கியவர்களின் மனதை மேலும் புண்படுத்த வேண்டாம் என்ற நாகரிகம் அது. தண்ணீர் வடிந்து தை பிறந்ததும் மறுபடி வந்து "ஹாய் மக்களே" என்றார்கள்.

சாப்பாட்டு ரீல்ஸ் போடுபவர்களைப் பற்றித் தனியாகச் சொல்ல அதிகம் இல்லை. அம்பத்தூர் ஓ.டி.யில் பிரியாணியை வாயில் வைத்து, மெல்வதற்கு முன்பே "வேற லெவல்" என்று தீர்ப்புச் சொல்லும் வேகம் எந்த நீதிபதிக்கும் வாய்க்காது.

பைக் ஓட்டிப் பாடம் நடத்துபவர்களும் இருக்கிறார்கள். பூந்தமல்லி வழியாகப் போகும் பெங்களூர் நெடுஞ்சாலையில், காஞ்சிபுரம் பாலுசெட்டிசத்திரம் அருகே, 2023 செப்டம்பரில் யூடியூபர் டி.டி.எஃப். வாசன் வண்டியோடு தூக்கி வீசப்பட்டார். ஜாமீன் மனு உயர் நீதிமன்றத்துக்கு வந்தபோது, அந்த பைக்கை எரித்துவிடலாம் என்று நீதிபதி சொன்னார். ஓட்டுநர் உரிமம் 2033 வரை பத்து ஆண்டுகளுக்கு முடக்கப்பட்டது. முன்சக்கரத்தைத் தூக்குவது எப்படி என்று லட்சக்கணக்கான பிள்ளைகளை வைத்த கண் வாங்காமல் பார்க்க வைத்தவர் அவர். முக்கோணவியல் நடத்தும் எந்த ஆசிரியருக்கும் அந்தக் கவனம் கிடைத்ததில்லை. வண்டலூர்–மீஞ்சூர் வெளிவட்டச் சாலையில் ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை நின்று பார்த்தால் பாடம் எவ்வளவு தூரம் போய்ச் சேர்ந்திருக்கிறது என்று தெரியும்.

இத்தனை திறமைசாலிகளுக்கு நடுவில், திறமையே இல்லாத சிலரும் சமூக ஊடகத்தில் காலம் தள்ளுகிறார்கள். 'தமிழ்நாடு வெதர்மேன்' பிரதீப் ஜான் அப்படி ஒருவர். வானிலைத் துறையில் வேலை பார்க்காமலே பல ஆண்டுகளாக மழையைப் பற்றி எழுதிவருகிறார். 2015 டிசம்பர் வெள்ளத்தின்போது ஊரே அவருடைய முகநூல் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவ்வளவு பேர் கண் முன்னால் நிற்கும்போது குடையோ இன்வெர்ட்டரோ விற்கலாம் என்று அவருக்குத் தோன்றவில்லை. மேகம் எங்கே நிற்கிறது, மழை எப்போது விடும் என்று வறட்டுத்தனமாக எழுதினார். வாட்ஸப்பில் பரவிய வதந்திகளை மறுத்துப் பரபரப்பையும் கெடுத்தார்.

அவரைவிட மோசமானவர்கள் நம் தெருக்களில் இருக்கிறார்கள். செம்பரம்பாக்கம் ஏரியின் முழு உயரம் 24 அடி, இன்று இத்தனை அடி, இத்தனை கன அடி திறக்கிறார்கள் என்று பாட்டுகூடப் போடாமல் எழுதுபவர்கள். அடைமழையில் தன் தெருவில் தண்ணீர் எந்தப் படி வரை ஏறியிருக்கிறது என்று கை நடுங்கப் படம் எடுத்துப் போடுபவர்கள். மூடியில்லாத மழைநீர்க் கால்வாயைப் படம் எடுத்து, மாநகராட்சி வரும்வரை அதே படத்தைத் தினமும் போட்டு அலுப்பூட்டுபவர்கள். பருத்திப்பட்டு ஏரிக்கு என்ன பறவை வந்தது என்று எழுதி, பெயர் தவறாகிவிட்டால் மறுநாள் திருத்தமும் போடுபவர்கள். முகத்தைக்கூட அவர்கள் காட்டுவதில்லை. பின்தொடர்பவர்கள் சில நூறு பேர் இருந்தால் அதிகம். எங்கும் பத்து நிமிடத்தில் போய்விடலாம் என்று ஒருநாளும் சொன்னதில்லை. அவர்களுக்கு ட்ரோன் கிடையாது. இருந்தாலும் அதை எந்த இடத்தில் திருப்புவது என்று அவர்களுக்குத் தெரியப்போவதில்லை, கலங்கலையும் சேர்த்தே காட்டிவிடுவார்கள்.

முன்பணம் கொடுக்க நினைத்திருப்பவர்கள், மனை காட்டிய தம்பியின் பக்கத்தில் போன நவம்பர், டிசம்பர் பதிவுகளைத் தேடிப் பாருங்கள். ரெரா எண்ணைத் தாளில் எழுதி வாங்கி, ஆணையத்தின் தளத்தில் நீங்களே சரிபாருங்கள். அந்தத் தெருவில் அடைமழையன்று படம் எடுத்துப் போட்டவர் ஒருவர் நிச்சயம் இருப்பார். அவரைப் பின்தொடருங்கள்.