புயல் சார்

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் வேறு. குடியிருப்போர் சங்கத்தின் கையெழுத்து நோட்டைத் தவிர வேறெங்கும் அது புழக்கத்தில் இல்லை. வேளச்சேரி, மடிப்பாக்கம், முடிச்சூர் பக்கம் அடுக்ககத்துக்கு ஒருவராவது இந்த ரகத்தில் இருப்பார். 2015 டிசம்பர் முதல் தேதிதான் இவர்கள் எல்லாருக்கும் பிறந்தநாள். அன்றைக்குத் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை. செம்பரம்பாக்கத்திலிருந்து அடையாற்றில் விநாடிக்கு 29,000 கன அடி தண்ணீர். மடிப்பாக்கத்தில், அதுவரை குடையை ஆபீசிலேயே மறந்துவிட்டு வருகிற ஆளாக இருந்தவர், தன் ஸ்கூட்டரில் கண்ணாடி மட்டும் தண்ணீருக்கு மேலே தெரிவதை மாடியிலிருந்து பார்த்தார். பார்த்த நிமிடத்திலேயே புயல் சார் ஆகிவிட்டார்.

ஆவணி வந்தால் நமக்கெல்லாம் பிள்ளையார் சதுர்த்தி. புயல் சாருக்கு வடகிழக்குப் பருவமழைக்கு இன்னும் ஒன்றரை மாதம். அக்டோபர் பிறந்துவிட்டால் பல் தேய்ப்பதற்கு முன்பே ஏரி நிலவரம் பார்த்தாக வேண்டும். செம்பரம்பாக்கத்தின் முழு ஆழம் 24 அடி. இன்றைக்கு எத்தனை அடி, வரத்து எவ்வளவு, திறப்பு எவ்வளவு என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். அவருக்குச் சர்க்கரை எவ்வளவு என்பதை மட்டும் வீட்டம்மாவைத்தான் கேட்க வேண்டும்.

வானிலை மையம் ஒரு நிறத்தைச் சொன்னால், அவர் கடைக்குக் கிளம்பிவிடுவார். மஞ்சள் என்றால் மெழுகுவத்தி. ஆரஞ்சு என்றால் ஆவின் பாலும் ரொட்டியும். சிவப்பு என்றால் கார் மேம்பாலத்துக்குப் போய்விடும். 2024 அக்டோபரில் மழைக்கு முன்பே வேளச்சேரி மேம்பாலத்தில் கார்கள் வரிசை கட்டி நின்றனவே, அதில் இவர் வீட்டுக் காரும் ஒன்று. சிவப்பு எச்சரிக்கை கொடுத்த நாளில் எதிர்பார்த்த மழை வரவில்லை. மருமகள் ஆட்டோவில் பேங்குக்குப் போய்விட்டு ஆட்டோவிலேயே திரும்பி வந்தாள்.

"மாமா, காரை எப்போ இறக்கலாம்?"

"பொறும்மா. இன்னும் கரையைக் கடக்கல."

"மழையே இல்லையே மாமா!"

"அதுக்காக, நனையுதான்னு காரை வெச்சா சோதிச்சுப் பார்க்க முடியும்?"

படுக்கையறை அலமாரியின் மூன்றாவது தட்டில் இருக்கிறது அந்த நீல ரெக்சின் பை. ஜிப் கவருக்குள் வீட்டுப் பத்திரம், ரேஷன் கார்டு, இன்ஷூரன்ஸ் எல்லாவற்றின் நகல்கள். ஒரு வாரத்துக்கான பிரஷர், சர்க்கரை மாத்திரைகள். தண்ணீரில் போட குளோரின் மாத்திரை. ஓ.ஆர்.எஸ். பொட்டலம், அது தீர்ந்துபோனால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு என்று எழுதிய சீட்டு. விசில், நைலான் கயிறு, பவர் பேங்க், டார்ச். டார்ச்சுக்குள் பேட்டரி இருக்காது. போட்டே வைத்திருந்தால் கசிந்து டார்ச் கெட்டுவிடும் என்பதால் பேட்டரி தனிக் கவரில். நியாயமான ஏற்பாடுதான். ஆனால் அந்தக் கவரிலிருந்து இரண்டு பேட்டரி டி.வி. ரிமோட்டுக்குப் போய்விட்டது, ஒன்று சுவர்க் கடிகாரத்துக்கு.

இவை தவிர ஒரு டப்பா நிறைய பத்து, இருபது, ஐம்பது ரூபாய்த் தாள்கள். ஏன் என்று கேட்டுவிட்டால் வர்தா கதையைக் கேட்டே தீர வேண்டும். 2016 டிசம்பர் 12. பழைய நோட்டு செல்லாது என்று அறிவித்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. ஏ.டி.எம்.மில் பணம் இல்லை. மரங்கள் சாய்ந்து கரன்ட் இல்லை. சிக்னல் இல்லாமல் கார்டு தேய்க்கிற மெஷினும் படுத்துவிட்டது. "டவர் போச்சுன்னா ஜி-பே, போன்-பே எல்லாம் கும்பிடு போட்டுடும். தாள்தான் பேசும்" என்பார். அந்த டப்பாவிலிருந்து ஆட்டோவுக்குச் சில்லறை எடுத்துக்கொள்வது வீட்டில் எல்லாருக்கும் தெரிந்த ரகசியம். ஒருநாள் அவருக்கும் தெரிந்தது. அன்றிலிருந்து பைக்கு ஒரு குட்டிப் பூட்டு, சாவி அவர் சட்டைப் பையில். அவசர எண்களின் பட்டியலை அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டியிருந்தார். அலமாரியும் பூட்டித்தான் இருக்கும். அந்தச் சாவியும் அதே வளையத்தில்.

மாதம் ஒரு ஞாயிறு மாலை ஒத்திகை. குடும்பமோ காலில் சக்கரம் கட்டிக்கொண்ட குடும்பம். மகன் ஓ.எம்.ஆரில் மென்பொருள் வேலை. அமெரிக்கா விழிக்கும்போது இவனும் விழித்து, ஞாயிறன்று மொத்தமாகத் தூங்குவான். மருமகளுக்கு வீட்டு வேலை எல்லாம் ஞாயிற்றுக்கிழமைதான். பேத்திக்குப் பரதநாட்டிய வகுப்பு. வீட்டம்மா சமையலறையிலிருந்தே சொல்லிவிடுவார்: "பருப்பு பாதிதான் வெந்திருக்கு. ஒத்திகைன்னு கேஸை அணைச்சுடாதீங்க." மிஞ்சுவது ஐந்தாம் வகுப்புப் பேரன். அவனும் கிரீம் பிஸ்கட்டுக்காக உட்காருகிறவன்.

"சிலிண்டர் வாசனை வந்தா என்ன பண்ணணும்?"

"ரெகுலேட்டரை மூடணும். கதவு, ஜன்னல் திறக்கணும். சுவிட்சைத் தொடக் கூடாது."

"எக்ஸாஸ்ட் ஃபேன் போடலாமா?"

"போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது தாத்தா. வெளியில வந்து 1906-க்கு போன் பண்ணணும்."

"கீழே தண்ணி ஏறினா?"

"லிஃப்டை மேல் மாடிக்கு அனுப்பி நிறுத்தி, அணைச்சுடணும். கால் நனைஞ்சிருந்தா எந்த சுவிட்சையும் தொடக் கூடாது. ரெண்டு பிஸ்கட் ஆச்சு தாத்தா."

பெசன்ட் நகர் கடற்கரைக்குப் போனாலும் பாடம் நிற்காது. 2004 டிசம்பர் 26-ஐச் சொல்லாமல் மணலில் உட்காரவே மாட்டார். "கடல் திடீர்னு உள்வாங்கினா?" என்று கேட்பார். "மேட்டைப் பார்த்து ஓடணும்" என்பான் பேரன். "சுண்டல் வாங்கினதுக்கு அப்புறமா, முன்னாடியா?" என்று பேத்தி கேட்டதற்கு இன்றுவரை அவர் பதில் சொல்லவில்லை.

இத்தனை ஏற்பாட்டோடு இருந்த மனிதர், 2023 டிசம்பர் முதல் வாரத்தில் கும்பகோணத்தில் ஒரு வளைகாப்பில் இருந்தார். மிக்ஜாம் புயல் அவரிடம் தேதி கேட்டுக்கொண்டு வரவில்லை. 3-ஆம் தேதி இரவு தொடங்கி மறுநாள் முழுக்கச் சென்னையில் கொட்டித் தீர்த்தது. ரயில்கள் ரத்து. கரன்ட் போனதும் மகன் கூப்பிட்டான்.

"அப்பா, டார்ச் எங்க?"

"நீலப் பையில. எதையும் கலைக்காம எடு."

"அலமாரி பூட்டியிருக்கே. சாவி?"

சாவி கும்பகோணத்தில், அவர் சட்டைப் பையில் இருந்தது. அதை அவர் சொல்லத் தொடங்கியபோது டவர் போய்விட்டது.

அலமாரி சுத்தியலுக்கு மசிந்தது. பை அரிவாள்மனைக்குத் தப்பவில்லை. டார்ச் கிடைத்தது, உள்ளே போட பேட்டரி இல்லை. கடிகாரத்தையும் ரிமோட்டையும் பிரித்து ஒரு வழியாக வெளிச்சம் வந்தது. ஆனால் தண்ணீர்ப் பஞ்சம் அந்த வீட்டை மட்டும் தொடவில்லை. மோட்டார் ஓடாது என்று தெரிவதற்கு முன்பே வீட்டம்மா குடம், அண்டா, இட்லிக் கொப்பரைவரை நிரப்பி வைத்திருந்தார். புயலுக்காகச் செய்ததில்லை. 2019 கோடையில் ஏரிகள் வறண்டு, லாரித் தண்ணீருக்கு அலைந்தபோது பிடித்துக்கொண்ட பழக்கம். வானம் இருண்டாலும் வெளுத்தாலும் அவர் வீட்டில் பாத்திரம் நிறைந்துதான் இருக்கும்.

கீழே நடந்தது இன்னொன்று. கரன்ட் போவதற்கு முன், வண்டி நிறுத்தும் இடத்தில் கணுக்கால் அளவு தண்ணீர் ஏறியிருந்தது. மேல்தொட்டியை நிரப்பிவிடலாம் என்று காவல்காரர் அந்தத் தண்ணீரிலேயே நடந்துபோய் மோட்டார் சுவிட்சை நோக்கிக் கை நீட்டினார். "அண்ணா, தொடாதீங்க! கால் நனைஞ்சிருக்கு!" என்று படிக்கட்டிலிருந்து ஒரு குரல். கிரீம் பிஸ்கட்டுக்குப் பாடம் கேட்ட பேரன்தான். அவர் கையை இழுத்துக்கொண்டார். லிஃப்டை மேல் மாடிக்கு அனுப்பி அணைக்கச் சொன்னதும் அவன்தான். தண்ணீர் வடிந்த பிறகு பக்கத்து அடுக்ககங்களில் லிஃப்ட் மெக்கானிக்கைத் தேடி அலைந்தார்கள். இங்கே சுவிட்சைப் போட்டதும் லிஃப்ட் ஓடியது.

புயல் சார் ஊர் திரும்பியதும் யாரும் நலமா என்று கேட்பதற்கு முன்பே, "பையை யார் அறுத்தது?" என்றார். வீட்டம்மா சாவி வளையத்தை அவர் கையிலிருந்து வாங்கி, வாசல் பக்கத்து ஆணியில் மாட்டினார். அன்றைக்கு அந்த வீட்டில் பேச்சுவார்த்தை அவ்வளவுதான்.

இப்போது ஃபிரிட்ஜ் கதவில் ஒரு அரைத்தாள் ஒட்டியிருக்கிறது. மேலே எண்கள்: அவசரத்துக்கு 112, ஆம்புலன்ஸ் 108, மாநகராட்சி 1913, மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077. கீழே ஆளுக்கு ஒரே ஒரு வேலை. தண்ணீர் வீட்டம்மாவுக்கு. மாத்திரையும் பத்திரமும் மருமகளுக்கு. காரும் போன் சார்ஜும் மகனுக்கு. எதிர்வீட்டில் தனியாக இருக்கும் பெரியம்மாவைப் போய்ப் பார்ப்பது பேத்திக்கு. மெயின் சுவிட்சும் லிஃப்டும் பேரனுக்கு. ஒரு வேலையை நினைவில் வைத்துக்கொள்ள யாருக்கும் நேரம் இல்லாமல் போவதில்லை. கடைசி வரியில் புயல் சார் தன் கைப்படத் தனக்கான பொறுப்பை எழுதியிருக்கிறார்: மேற்பார்வை.

உங்கள் வீட்டிலும் ஒரு புயல் சார் இருந்தால் தாராளமாகக் கேலி செய்யுங்கள். அவருக்கு அது பழகிப்போனதுதான். ஆனால் இன்று ராத்திரி சாப்பாட்டின்போது மூன்றே கேள்வி கேட்டு வையுங்கள்: மெயின் எங்கே, பேட்டரி எங்கே, சாவி எங்கே? பதிலை, அவர் ஊரில் இருக்கும்போதே வாங்கிவிடுங்கள்.