ஒரு லட்சத்துக்குச் சத்தம் வரும்

"சார், ஒரு லட்சத்துக்கு சத்தம் வரும். மியூசிக் எதிர்பார்க்காதீங்க."

சொன்ன பையனுக்கு மிஞ்சிப் போனால் இருபத்தைந்து வயது இருக்கும். அண்ணா சாலையிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிற கடை. பெயர் எதற்கு, எல்லாக் கடையும் அதே கடைதான். போன சனிக்கிழமை கேட்டது, இன்னும் வயிறு எரிகிறது. ஒரு லட்சம் என்பது எங்கள் வீட்டில் மேலிடத்து ஒப்புதல் பெற்ற தொகை. "அதுக்கு மேல ஒரு பைசா கிடையாது, ஸ்டாண்டு கீண்டுன்னு அப்புறம் வந்து நிக்கக் கூடாது" என்ற நிபந்தனையோடு வந்தது. அந்தத் தொகையைத்தான் அவன் ஆட்டோவுக்கு மேலே கேட்ட பத்து ரூபாய் மாதிரிப் பார்த்தான்.

ஒரு லட்சத்துக்குள் எந்த ஸ்பீக்கர் வாங்கலாம் என்று சொல்வதற்காகத்தான் இந்தக் கட்டுரை. மாடல், விலை எல்லாம் கடைசியில் சொல்லிவிடுகிறேன். அதற்கு முன்னால் அந்தப் பாட்டைப் பற்றிப் பேசியாக வேண்டும்.

எந்தப் பாட்டு என்று உங்களுக்கே தெரியும். ஹோட்டல் கலிஃபோர்னியா. அதுவும் 1976இல் வந்த மூலப் பாட்டு இல்லை. ஈகிள்ஸ்காரர்கள் சண்டை போட்டுப் பிரிந்து, பதினான்கு வருஷம் கழித்துச் சமாதானமாகி, 1994இல் 'ஹெல் ஃப்ரீஸஸ் ஓவர்' ஆல்பத்துக்காக ஆட்களை உட்காரவைத்து வாசித்தார்களே, அது. உலகத்தில் அதற்குப் பிறகு வேறு எந்தப் பாட்டும் பதிவாகவில்லை என்பது ஸ்பீக்கர் கடைக்காரர்களின் நம்பிக்கை. கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனால் முதலில் ஏசி, அடுத்து ஒரு தண்ணீர் பாட்டில், அடுத்து அந்த கிடார். கிடார் கொஞ்ச நேரம் தனியாகப் பேசும். கூட்டம் கை தட்டும். யாரோ ஒருவன் விசில் அடிப்பான். பிறகு, எங்கிருந்தோ, அடி வயிற்றில், தும்.

அந்தத் தும் விழும்போது விற்பனைப் பையன் ஸ்பீக்கரைப் பார்க்க மாட்டான். நம் முகத்தைப் பார்ப்பான். நாமும் புருவத்தை உயர்த்தி, உதட்டைப் பிதுக்கி, மெல்லத் தலையாட்ட வேண்டும். ஆட்டாவிட்டால் மறுபடி முதலிலிருந்து போடுவான். எனக்குத் தெரிந்து அந்த அறைகளில் தலையாட்டாத மனிதன் பிறக்கவில்லை. "விசில் கேட்டீங்களா சார்? இடது பக்கம், ரெண்டாவது வரிசை" என்பான். இரண்டாவது வரிசையா! அந்த விசில்காரனுக்கு இப்போது பேரன் பிறந்திருப்பான். எந்த வரிசையில் உட்கார்ந்தான் என்பது அவனுக்கே மறந்திருக்கும். என் மாமா பையன் இன்று எங்கே குடியிருக்கிறான் என்று எனக்குச் சொல்லத் தெரியாது. கலிஃபோர்னியாவில் அன்றைக்கு விசிலடித்தவனின் இருக்கை எண் தெரியும்.

நாற்பதாயிரம் ரூபாய்ப் பெட்டியில் போட்டால், தும் வருவதற்கு இரண்டு நொடி முன்னால் "இது பேசிக் மாடல் சார்" என்று நிறுத்திவிடுவான். நான்கு லட்ச ரூபாய்ப் பெட்டி என்றால் விளக்கை அணைப்பான், கதவைச் சாத்துவான், சத்தத்தை ஒரு நூல் கூட்டியும் வைப்பான். கொஞ்சம் கூடுதலாகச் சத்தம் வைத்தால் எந்தக் காதுக்கும் அதுதான் உசத்தி என்று படும். அது அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். தெரிந்தும் தலை ஆடும்.

இதில் என் மனக்குறை என்னவென்றால், இத்தனை கடையில் இத்தனை பெட்டியில் கேட்டும் அந்தப் பாட்டில் ஒருவர் வாய் திறந்து பாடி நான் கேட்டதே கிடையாது. முன்னிசை முடிவதற்குள் அடுத்த பெட்டிக்கு மாற்றிவிடுவார்கள். பாடுகிறவர் பெயர் டான் ஹென்லி என்பதே படித்துத் தெரிந்துகொண்டதுதான். உள்ளே போனவன் வெளியே வர முடியாத ஒரு ஓட்டலைப் பற்றிய பாட்டாம். அப்படியென்றால் இந்தக் கடைகளுக்கு அது கொள்கைப் பாடல்தான், மாற்றச் சொல்லி நான் ஏன் மல்லுக்கு நிற்கிறேன் என்று தெரியவில்லை.

மல்லுக்கு நின்றேன். "தம்பி, டி.எம்.எஸ். பாட்டு ஒண்ணு போடுங்களேன்" என்றேன்.

"அதெல்லாம் ரெக்கார்டிங் நல்லா இருக்காது சார். ஸ்பீக்கரோட கெப்பாசிட்டி தெரியாது."

கெப்பாசிட்டி தெரிந்து நான் என்ன செய்ய? ராத்திரி ஒன்பது மணிக்குச் சாப்பிட்டுவிட்டு நான் கேட்கப்போவது டி.எம்.எஸ்., சுசீலா, எம்.எஸ்.வி. அத்தனையும் மோனோ. தமிழில் ஸ்டீரியோவில் பாட்டுப் பதிந்த முதல் படம் என்று 1978இல் வந்த 'ப்ரியா'வைச் சொல்வார்கள். என் இசை வாழ்க்கையில் பெரும்பகுதி அதற்கு முன்னாலேயே முடிந்துவிடுகிறது. மோனோ பாட்டை இரண்டு ஸ்பீக்கரில் போட்டால் இரண்டிலும் ஒன்றே வரும். காது அதை இரண்டுக்கும் நட்டநடுவில் வைத்துக்கொள்ளும். அதாவது பெட்டியே இல்லாத, நான் காசே கொடுக்காத ஒரு இடத்தில் டி.எம்.எஸ். நிற்பார். அவர் தலைமேலேயே வயலின், அதன் மேலேயே தபேலா, கோரஸ் பெண்கள் எல்லாரும் ஒரே ஜன்னல் வழியாக எட்டிப் பார்ப்பார்கள். இடது பக்கம் இரண்டாவது வரிசையில் ஒரு ஈ காக்காய் இருக்காது.

ராஜரத்தினம் பிள்ளையின் தோடி இன்னும் மோசம். 78 சுற்று இசைத்தட்டில் பக்கத்துக்கு மூன்று நிமிஷம், அதில் பாதி கரகரப்பு. அதைக் கேட்பதற்கு நாற்பதாயிரம் ஹெர்ட்ஸ் வரை பாடும் ட்வீட்டர் வேண்டுமாம். மனிதக் காதின் எல்லையே இருபதாயிரம். என் வயதுக்குப் பன்னிரண்டாயிரம் எட்டினால் பெரிது. மிச்சமெல்லாம் எங்கள் தெரு நாய்க்கு.

போகட்டும். ஒரு லட்சத்துக்கு வருவோம். அது ஒரு லட்சமாக இருந்தது கடை வாசல் வரைதான். இந்தப் பெட்டிக்கு ஸென்சிட்டிவிட்டி 84 டெசிபெல், பக்கத்துப் பெட்டிக்கு 87. மூன்றுதானே என்றேன். மூன்று டெசிபெல் குறைந்தால் அதே சத்தத்துக்கு இரண்டு மடங்கு வாட்ஸ் வேண்டும், ஆகவே பெரிய ஆம்ப். அவன் சொன்னதில் பொய்யில்லை, கணக்கு அப்படித்தான். பெரிய ஆம்ப் என்றால் அதற்கேற்ற கேபிள். பெட்டியைப் புத்தக அலமாரியில் வைத்துவிடலாமே என்றதற்கு, பிள்ளையாரைப் பரணில் வைக்கச் சொன்னதுபோல் பதறினான். ஸ்டாண்ட் தனி, அதற்குள் நிரப்பும் மணல்கூட நம் செலவு. "இன்னும் ஒரு முப்பதாயிரம் போட்டீங்கன்னா சார்" என்ற வாக்கியத்தை எந்த மாடலுக்கு அப்புறமும் சொல்லலாம் என்பதுதான் இந்தத் தொழிலின் அழகு. மூன்று லட்சத்துப் பெட்டிக்காரனிடமும் அதையே சொல்கிறார்கள், நானே காதால் கேட்டேன்.

அந்தத் தும் பதிவான அதே 1994இல்தான் ஃப்ளாய்ட் டூலும் ஷான் ஆலிவும் ஒரு காரியம் செய்தார்கள். இருவரும் ஹார்மன் நிறுவனத்தில் ஆராய்ச்சி செய்தவர்கள். சில ஸ்பீக்கர்களைத் திரைக்குப் பின்னால் வைத்து மதிப்பெண் போடச் சொன்னார்கள். அடுத்து, திரையை விலக்கி, கண்ணால் பார்த்துக்கொண்டே கேட்டு மதிப்பெண் போடச் சொன்னார்கள். சின்னதாக, விலை குறைவாக இருந்த பெட்டி திரைக்குப் பின்னால் பெரியவற்றுக்குச் சமமாக ஓடியது; ஆளைப் பார்த்ததும் மதிப்பெண் சரிந்தது. காதுப் பயிற்சி உள்ளவர்களும் விதிவிலக்கில்லை. இதைக் கடையில் சொல்லிப் பார்த்தேன். "திரை எல்லாம் நம்ம கிட்ட இல்ல சார்" என்றான்.

ஆடியோ பக்தர்கள் இன்றும் கற்பூரம் காட்டும் எல்எஸ்3/5ஏ ஸ்பீக்கர் எங்கே பிறந்தது தெரியுமோ? பிபிசிக்காரர்கள் 1970களில் வெளிப்புற ஒலிபரப்பு வேனுக்குள் வைத்துக் கேட்பதற்காகச் செய்தது. ஒரு அடி உயரம். வேனுக்குள் பெரியது நுழையாது என்பதுதான் அதன் தத்துவம். இப்போது அதன் வாரிசுகளுக்கு விலை லட்சங்களில் போகிறது. என் வீட்டு ஹாலும் ஏறக்குறைய வேன்தான், யாரும் தள்ளுபடி தருவதாக இல்லை.

ஹால் நீளம் பதினான்கு அடி. 40 ஹெர்ட்ஸ் ஒலி அலையின் நீளம் கிட்டத்தட்ட இருபத்தெட்டு அடி, அதாவது சரியாக என் ஹாலைப்போல இரண்டு மடங்கு. பேஸ் கிடாரின் மிகத் தாழ்ந்த கம்பி 41 ஹெர்ட்ஸ். அந்தக் கம்பியை எவன் எங்கே தொட்டாலும் என் வீட்டுச் சுவர்கள் இரண்டும் அதைப் பிடித்துக்கொண்டு விட மாட்டேன் என்னும். கூடவே இரும்பு பீரோவின் கதவு தாளம் போடும். ஐந்து லட்சம் கொடுத்து வாங்கினாலும் பீரோ வாசிக்கத்தான் செய்யும். கடைக்காரனின் அறையில் பீரோ இல்லை. சுவரெல்லாம் மெத்தை. "வீட்ல எப்படி சார் இருக்கும்?" என்று அவன் ஒருமுறைகூடக் கேட்கவில்லை.

ஸ்பீக்கரைச் சுவரிலிருந்து இரண்டு மூன்று அடி தள்ளி வைக்க வேண்டும். இரண்டும் நானும் சம முக்கோணமாக அமர வேண்டும். டேப் வைத்து அளந்தேன். முக்கோணத்தின் ஒரு முனையில் கொலுப்படி. இன்னொரு முனையில் ஃப்ரிட்ஜ். நான் உட்கார வேண்டிய மூன்றாவது முனை சமையலறை வாசற்படியில் விழுந்தது.

டேப்பைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது வீட்டில் வந்து எட்டிப் பார்த்தாள். நிலவரத்தைச் சொன்னேன்; கொலுப்படியை நகர்த்துவது பற்றியும் கொஞ்சம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். அதற்கு அவள் பதிலே சொல்லவில்லை.

"நீங்க கேக்கறது பழைய பாட்டுதானே? ரெண்டு பொட்டியிலயும் ஒண்ணேதான் வரும்னு நீங்கதானே சொன்னீங்க?"

"ஆமா."

"அப்ப ஒண்ணு வாங்குங்க. பாதிப் பணம் மிச்சம். ஃப்ரிட்ஜையும் நகத்த வேண்டாம்."

இந்த விஷயத்தில் நான் படித்துத் தீர்த்த அத்தனை பக்கங்களிலும் இவ்வளவு சுத்தமான தர்க்கம் இல்லை. உடனே அந்தப் பையனுக்கே போன் போட்டேன். ஜோடியாகத்தான் கொடுப்பார்களாம். ஒற்றையாகவே வேண்டும் என்றால் அதற்கென்று தனி மாடல் ஒன்று வந்திருக்கிறதாம். இரண்டு லட்சத்துப் பத்தாயிரம்.