என்றென்றும் ஐவர், மே 31 வரை

பெண்கள் பாடற்குழு ஒன்று நட்பைப் பற்றிப் பாட ஆரம்பித்துவிட்டால், அவர்களுடைய வக்கீலுக்கு நல்ல காலம் பிறந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். இது என் சொந்தக் கண்டுபிடிப்பு. ஆதாரமும் கையில் இருக்கிறது.

காதலனைவிடத் தோழிகள்தான் முக்கியம் என்று ஊர் உலகத்துக்கெல்லாம் அறிவித்த 'வான்னபி' பாட்டு 1996 ஜூலையில் வந்தது. பிரிட்டனில் ஏழு வாரம் முதலிடம். அடுத்த பிப்ரவரியில் அமெரிக்காவிலும் முதலிடம். பாடியவர்கள் ஸ்பைஸ் கேர்ள்ஸ் என்ற ஐவர். இரண்டு வருடம்கூட முடியவில்லை. 1998 மே 31 அன்று ஐவரில் ஒருவரான ஜெரி ஹாலிவெல், தான் குழுவை விட்டுப் போய்விட்டதாக வக்கீல் மூலம் அறிக்கை விட்டார். தோழிகள் பேசிப் பிரிவதுண்டு, பேசாமல் பிரிவதுண்டு. வழக்கறிஞர் அலுவலகம் வழியாகப் பிரிவதை அன்றுதான் நான் முதலில் பார்த்தேன்.

அந்த நட்பு மலர்ந்த இடத்தையும் சொல்லிவிட வேண்டும். விளம்பரத்தில் மலர்ந்தது. 1994இல் 'தி ஸ்டேஜ்' என்ற லண்டன் பத்திரிகையில், ஆடத் தெரிந்த, பாடத் தெரிந்த, வாயாடத் தெரிந்த இளம்பெண்கள் தேவை என்று அப்பாவும் மகனுமாக நிறுவனம் நடத்திய இரண்டு பேர் விளம்பரம் கொடுத்தார்கள். சுமார் நானூறு பேர் தேர்வுக்கு வந்து நின்றார்கள். ஜெரி வரவில்லை. பனிச்சறுக்குக்குப் போன இடத்தில் வெயில் பட்டு முகம் கன்றிவிட்டதாம். நானூறு பேர் வரிசையில் நின்று வியர்த்து முடித்தபிறகு, பேசிப் பேசி நேராக அடுத்த சுற்றுக்குள் நுழைந்து இடத்தையும் பிடித்துவிட்டார். அதற்கு முன்பு துருக்கித் தொலைக்காட்சியில் பரிசுப் போட்டி நிகழ்ச்சியில் நின்று சிரித்த அனுபவம் அவருக்கு இருந்தது. அந்த அனுபவத்தைச் சாதாரணமாக நினைக்கக்கூடாது.

குழுவின் முதல் பெயர் 'டச்'. மெய்டன்ஹெட் ஊரில் ஒரு வீட்டில் எல்லோரையும் சேர்த்துத் தங்கவைத்துப் பயிற்சி கொடுத்தார்கள். ஒருத்தி சரிப்பட்டுவரவில்லை; அந்த இடத்துக்கு எம்மா பன்டன் வந்தார். 1995இல் ஐவரும் சேர்ந்து, தங்களைக் கண்டெடுத்த அப்பாவையும் மகனையும் விட்டுவிட்டு, ஒலிப்பதிவுகளையும் எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். பிறகு சைமன் ஃபுல்லர் மேலாளர் ஆனார். உலகப் புகழ் வாங்கிக் கொடுத்தார். 1997 நவம்பரில் அவரையும் அனுப்பிவிட்டார்கள். அனுப்புவதற்கு வெளியாள் யாரும் மிச்சமில்லாத நிலையில், ஆறே மாதத்தில் உள்ளேயிருந்தே ஒருவர் கிளம்பியதில் எனக்கு ஆச்சரியம் ஒன்றும் இல்லை. அப்போது இருந்தது என்பதையும் மறைக்கமாட்டேன்.

ஏனென்றால் அப்போது நான் கல்லூரி விடுதியில் இருந்தேன். எங்கள் அறையிலும் ஐந்து பேர். கையில் ஒரே ஒரு கேசட். ஐந்து பேர், ஐந்து பாத்திரம் என்றால் சும்மா இருப்போமா? ஸ்கேரி, ஸ்போர்ட்டி, பேபி, ஜிஞ்சர், போஷ் என்று ஒரு பத்திரிகை அந்தப் பெண்களுக்கு வைத்த பட்டப்பெயர்களை நாங்கள் பங்கு பிரித்துக்கொண்டோம். எல்லோருக்கும் வேண்டியது ஜிஞ்சர்தான், அதாவது ஜெரி. சேலத்துக்காரி ஒருத்தி, செம்பட்டை முடி வேண்டும் என்று ராத்திரி முழுக்கத் தலையில் மருதாணி அப்பிக்கொண்டு தூங்கி, காலையில் காவி நிறத்தில் எழுந்தாள். வார்டன் அவளை நிறுத்தி, "எந்தக் கோயிலுக்கும்மா வேண்டுதல்?" என்று மரியாதையாகவே கேட்டார். யாரும் கேட்காத போஷ் என் தலையில் விழுந்தது. போஷ் சிரிக்கமாட்டார், எனக்கோ பல்லில் கிளிப் போட்டிருந்தது. பொருத்தம் பார்த்துத்தான் கொடுத்தார்கள்.

ஜெரி போன செய்தி வந்தது கோடை விடுமுறையில். நாளிதழில் சின்னதாக ஒரு பெட்டிச் செய்தி. நான் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்து அம்மா விசாரித்தாள். சொன்னேன்.

"மூத்த மருமக தனிக்குடித்தனம் போயிட்டா. அவ்வளவுதானே? அதுக்கு நீ எதுக்குடி ரசத்தைக் கோவிச்சுக்கிறே?" என்றாள். அதோடு நிற்கவில்லை. "சரி, பாத்திரம் பண்டமெல்லாம் எப்படிப் பிரிச்சாங்களாம்?"

நல்ல கேள்வி. இசை விமரிசகர்கள்கூட இவ்வளவு சரியாகக் கேட்டதாகத் தெரியவில்லை. பாத்திரங்கள் பிரிந்த விதம் இது.

ஹெல்சின்கியில் நடந்த கச்சேரிதான் ஐவரும் சேர்ந்து நின்ற கடைசி மேடை. அடுத்து லாட்டரிக் குலுக்கல் நிகழ்ச்சியில் நால்வர்தான் வந்தார்கள். "ஜெரிக்கு உடம்பு சரியில்லை" என்றார்கள். நம் ஊரில் எந்த அலுவலகத்திலும் இந்த வாக்கியத்துக்கு என்ன அர்த்தம் என்று தெரியும். ஆஸ்லோ கச்சேரிக்கும் நால்வர்தான். பிறகு வக்கீல் அறிக்கை. எதிரில் அமெரிக்கச் சுற்றுப்பயணம் காத்திருந்தது; ஜெரி பாடவேண்டிய வரிகளை நால்வரும் ஆளுக்குக் கொஞ்சமாக எடுத்துக்கொண்டு போய் அதை முடித்தார்கள். இதற்கு நடுவில் 'விவா ஃபாரெவர்' பாட்டு வந்து முதலிடம் பிடித்தது. அதன் வீடியோவில் ஐவரும் குட்டித் தேவதைப் பொம்மைகளாகப் பறப்பார்கள். ஆள் போனபிறகும் பொம்மை வேலைக்கு வந்துகொண்டிருந்தது.

அப்புறம் அந்த உடுப்பு. 1997 பிரிட் விருது விழாவில் ஜெரி போட்டுக்கொண்டு வந்த பிரிட்டிஷ் கொடிக் குட்டைக் கவுன். அது 'குச்சி' நிறுவனத்தின் கறுப்பு உடை. அதன்மேல் கொடி அச்சிட்ட சமையலறைத் துண்டு ஒன்றை அவருடைய அக்கா தைத்துக் கொடுத்தார். பாத்திரம் துடைக்கிற துண்டு. 1998 செப்டம்பரில் சதபீஸ் ஏலத்தில் அது 41,320 பவுனுக்குப் போனது. பணம் தர்ம காரியத்துக்கு; உடுப்பு லாஸ் வேகஸில் ஒரு ஹோட்டலுக்கு. அம்மாவிடம் சொன்னபோது, எங்கள் வீட்டு அடுப்பங்கரைத் துணியைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இதெல்லாம் பிரிட்டிஷ்காரர்களின் குணம் என்று நினைத்துவிடவேண்டாம். இந்தத் தொழிலின் குலதெய்வம் அமெரிக்காவில், டெட்ராய்ட்டில் இருக்கிறது. மோடவுன் நிறுவனத்தின் சுப்ரீம்ஸ் குழுவில் மூன்று பேர். 1967இல் பெயர்ப்பலகை மாறி 'டயானா ராஸும் சுப்ரீம்ஸும்' என்று ஆனது. பலகையில் ஒருவர் பெயர் மட்டும் தனியாக ஏறினால் மற்றவர்கள் பெட்டி கட்ட ஆரம்பிப்பது நல்லது. அதே வருடம் ஃபிளாரன்ஸ் பலார்ட் வெளியேற்றப்பட்டார். 1969இல் அவர்களுடைய கடைசி முதலிடப் பாட்டு வந்தது: 'சம்டே வீ வில் பி டுகெதர்'. என்றாவது ஒருநாள் ஒன்றுசேர்வோம் என்று உருகுகிற அந்தப் பாட்டில் சுப்ரீம்ஸின் மற்ற இருவரும் பாடவே இல்லை. டயானா ராஸுக்குப் பின்பாட்டுப் பாட வெளியிலிருந்து ஆட்களைக் கூப்பிட்டிருந்தார்கள். ஒன்றுசேரும் பாட்டைத் தனியாகப் பதிவுசெய்த அந்தத் தைரியத்தை நான் இன்றைக்கும் வியக்கிறேன். 1970 ஜனவரியில் லாஸ் வேகஸில் விடைபெறும் கச்சேரி. (லாஸ் வேகஸ் இந்தக் கட்டுரையில் அடிக்கடி வருவதற்கு நான் பொறுப்பல்ல.) அதன்பிறகு நடந்ததுதான் இனிப்பு. டயானாவின் முதல் தனிப்பாட்டு அமெரிக்கப் பட்டியலில் இருபதாவது இடம். புது ஆளைச் சேர்த்துக்கொண்டு சுப்ரீம்ஸ் வெளியிட்ட பாட்டு பத்தாவது இடம். சில மாதம்தான் அந்தச் சந்தோஷம். அதே வருடம் செப்டம்பரில் டயானா முதலிடத்துக்குப் போய்விட்டார்.

டெஸ்டினீஸ் சைல்ட் குழுவில் வக்கீல் அறிக்கை வரைக்கும்கூடக் காத்திருக்கவில்லை. 2000இல் 'சே மை நேம்' வீடியோ வந்தபோது, குழுவின் நால்வரில் இருவர் அதைப் பார்த்துத்தான் தங்கள் இடத்தில் வேறு இருவர் ஆடுவதைத் தெரிந்துகொண்டார்கள். பாட்டின் கோரிக்கையோ, தன் பெயரைச் சொல் என்பது. அந்தக் குழுவில் பியான்சேதான் தனியாக ஜெயிப்பார் என்று பால்காரருக்குக்கூடத் தெரியும். மேலாளர் அவருடைய அப்பா. ஆனாலும் முதலில் தனியாகக் கொடி நாட்டியது கெல்லி ரோலண்ட். 2002இல் நெல்லி என்ற ராப் பாடகருடன் பாடிய 'டிலெமா' அமெரிக்காவில் பத்து வாரம் முதலிடத்தில் இருந்தது. அதன் வீடியோவில் கெல்லி தன் காதலனுக்குக் கைபேசியில் செய்தி அனுப்புவார். கொஞ்சம் கூர்ந்து பாருங்கள்: அவர் தட்டச்சு செய்வது கணக்குப் போடுகிற எக்செல் மாதிரிக் கட்டத்தில். பதில் வரவில்லை என்று முகம் வாடுகிறார். எப்படி வரும்? நான் பத்து வருடம் கணக்குப் பிரிவில் வேலைபார்த்திருக்கிறேன். எக்செல்லில் எழுதிய எதற்கும் யாரும் பதில் போட்டதில்லை. அடுத்த வருடம் பியான்சேயின் 'கிரேஸி இன் லவ்' வந்தது, எட்டு வாரம் முதலிடம், கதை முடிந்தது.

ஜெரிக்குத் திரும்புவோம். தனியாகப் போனவர் முதலில் செய்தது பாடுவதல்ல. ஐக்கிய நாடுகள் சபையின் மக்கள்தொகை நிதியத்துக்கு நல்லெண்ணத் தூதர் ஆனார். அதாவது, குழுவில் ஐந்து பேர் அதிகம் என்று முடிவெடுத்தவரை மக்கள்தொகைக்குப் பொறுப்பாக்கினார்கள். 1999 மே மாதம் முதல் தனிப்பாட்டு வந்தது. தலைப்பு 'லுக் அட் மீ'. என்னைப் பாருங்கள் என்று கேட்டு வாங்கிக்கொள்கிற அந்தக் கூச்சமின்மை எனக்குப் பிடித்திருந்தது. வீடியோவில் தன் பழைய ஜிஞ்சர் அவதாரத்துக்குச் சவ ஊர்வலமே நடத்தினார். ஆனால் முதலிடம் கிடைக்கவில்லை. பாய்ஸோன் என்ற பையன்கள் குழு அதைக் கொண்டுபோய்விட்டது. கூட்டமாக நிற்பவர்கள் பழிவாங்கிய வாரம் அது.

அதோடு அவர் அடங்கவில்லை. அதே வருடம் நவம்பரில் ஜெரியின் 'லிஃப்ட் மீ அப்' பாட்டும், எம்மா பன்டன் இன்னொரு குழுவோடு பாடிய பாட்டும் ஒரே வாரத்தில் கடைக்கு வந்தன. தேதி எப்படி ஒத்துப்போனது என்று அவரவர் கற்பனைக்கு விட்டுவிடுகிறேன். ஜெரிக்கு முதலிடம், எம்மாவுக்கு இரண்டாமிடம். காதலைவிடத் தோழிதான் பெரிது என்று பாடியவர்கள் இவர்கள்தான். மொத்தத்தில் ஜெரிக்குப் பிரிட்டனில் தனியாக நான்கு முதலிடங்கள். ஸ்பைஸ் கேர்ள்ஸில் வேறு யாருக்கும் தனியாக இத்தனை கிடைக்கவில்லை.

இவ்வளவும் அந்தக் குரலை வைத்துக்கொண்டு. அவருடைய ரசிகையான நானே சொல்கிறேன், ஐவரில் நல்ல குரல் அவருடையது அல்ல. இரண்டாவதும் அல்ல. இந்தக் குழுக்களில் யார் முதலில் கிளம்புவார் என்பதைத் தொண்டையைப் பார்த்துச் சொல்லமுடியாது. குழுப் படத்தைப் பார்த்துச் சொல்லலாம். எல்லோரும் புகைப்படக்காரரைப் பார்க்கும்போது ஒருவர் மட்டும் அரை அடி முன்னால் வந்து நிற்பார். அவர்தான்.

மற்ற நால்வரும் சும்மா இருந்தார்கள் என்று நினைக்காதீர்கள். மெல் பி குழுவில் இருந்துகொண்டே 1998 செப்டம்பரில் மிஸ்ஸி எலியட்டோடு பாடி முதலிடம் பிடித்தார். பதவியை ராஜினாமா செய்யாமலே சொந்தக் கடை. எம்மாவும் 2001இல் முதலிடத்துக்கு வந்தார். இதற்கு நடுவில், 2000 நவம்பரில், நால்வரும் சேர்ந்து ஓர் இசைத்தொகுப்பு வெளியிட்டார்கள். பெயர் 'ஃபாரெவர்'. என்றென்றும் என்று பெயர் வைத்த கையோடு குழுவுக்குக் கால வரையறையற்ற விடுப்பு.

என் பாத்திரமான போஷ், விக்டோரியா பெக்காம் மட்டும்தான் முதலிடம் காணாதவர். 2000 ஆகஸ்டில் அவர் பாடிய பாட்டை, அதே வாரம் வந்த ஒரு டிஜேயின் நடனப்பாட்டு இரண்டாமிடத்தில் நிறுத்திவிட்டது. அவர் பிறகு ஊசி நூல் பக்கம் போனார். 2008இல் சொந்த ஆடை நிறுவனம் தொடங்கினார். அந்தத் தொழிலுக்காகவே அரசாங்க கௌரவமும் வாங்கினார். 2019இல் மற்ற நால்வரும் மறுபடி சுற்றுப்பயணம் கிளம்பியபோது அவர் வரவில்லை. அவருக்குக் கடையில் வேலை இருந்தது. போஷ் பாத்திரம் கிடைத்ததற்காக நான் அழுத அந்த ஒரு ராத்திரியை இப்போது திருப்பி வாங்கிக்கொள்கிறேன்.

அந்தச் சுற்றுப்பயணத்தின் கடைசிக் கச்சேரியில், வெம்ப்ளி மைதானத்தில், ஜெரி எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்டார். விட்டுப்போனது சிறுபிள்ளைத்தனம் என்று அவரே சொன்னார். போனது 1998இல், கேட்டது 2019இல். வக்கீல் இல்லாமல் நேரடியாகப் பேசினால் கொஞ்சம் தாமதமாகத்தான் செய்யும்.

சரி, நல்ல குரல் யாருடையது என்று கேட்பீர்கள். ட்ராக் சூட் போட்டுக்கொண்டு பின்னால் குட்டிக்கரணம் அடித்துக்கொண்டிருந்தாரே, அந்த மெல் சி. ஐவரும் பாடும் பாட்டுகளில் உச்சத்தில் கேட்கிற குரல் பெரும்பாலும் அவருடையதுதான். நாம் ஜெரியின் உடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்ததில் கவனிக்கவில்லை. அவருடைய முதல் தனித்தொகுப்பு 'நார்தர்ன் ஸ்டார்', 1999இல் வந்தது. அதிலிருந்து இரண்டு பாட்டுகள் 2000இல் முதலிடம் பிடித்தன. ஒன்றில் டிஎல்சி என்ற வேறொரு பெண்கள் குழுவின் லிசா லோப்பஸ் கூடவே பாடியிருக்கிறார். அந்தத் தொகுப்பை ஒருமுறை முழுதாகக் கேளுங்கள். அதைக் கேட்காமல், ஜெரியா பியான்சேயா என்று தயவுசெய்து யாரோடும் சண்டைக்குப் போகாதீர்கள்.